கறுப்பு ஜாக்கெட்டும் பன்னிரண்டு ஊக்கும்

ஜூன் 3, செவ்வாய்

கால்ல மாவுக்கட்டு போட்டு இன்னிக்கு ரெண்டாம் நாள். ஆறு வாரம் அசையக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிப்போட்டார். இருபத்திரெண்டு வருஷமா ஓடுற பஸ்ஸுல நின்ன மனுசன், நிக்கிற பஸ்ஸுல இருந்து இறங்கும்போது காலை மடக்கி உடைச்சிருக்கேன். டிப்போவே சிரிக்குது. சிரிக்கட்டும்.

ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் டிக்கெட் கணக்கை வே-பில்லுல எழுதிப் பழகின கை, சும்மா இருந்தா அரிக்குது. அதான் நகைக்கடையில குடுத்த இந்த டைரியைத் தூசி தட்டி எடுத்தேன். பேர்: செல்லமுத்து. உத்தியோகம்: அரசு பஸ் கண்டக்டர், பழனி ரூட். பொண்டாட்டி பேர்: பூங்கொடி. உத்தியோகம்: போலீஸ் ஏட்டு, பஸ் ஸ்டாண்ட் அவுட்போஸ்ட். மக கோயமுத்தூர்ல ஹாஸ்டல்ல படிக்கிறா. எங்க வீட்டுல ஒரே ஆணியில ரெண்டு விசில் தொங்கும். ஒண்ணு என்னுது, ஒண்ணு அவளுது. ஒரு தடவை அவசரத்துல அவ விசிலை எடுத்துட்டுப் போய் ஊதிட்டேன். அந்த எச்சில் கதையை இன்னும் ஒறம்பரை சனம் வந்தா சொல்லிக் காட்டுறா.

ஜூன் 5, வியாழன்

உட்கார்ந்த எடத்துல செய்யற வேலை எல்லாம் இனி என்னுதாம். சின்ன வெங்காயம் ஒரு கிலோ உரிச்சேன். கண்ணுல தண்ணி. கால் வலியில அழுவறேன்னு நினைச்சு எதிர்வீட்டு அம்மா ஆறுதல் சொல்லிட்டுப் போகுது.

காலைல பூங்கொடி கிளம்பறதைப் பார்க்க இப்பத்தான் எனக்கு நேரம் கிடைச்சிருக்கு. இத்தனை வருஷமா அவளுக்கு முன்னாடி நான் கிளம்பிருவேன். காக்கிச் சட்டைப் பாக்கெட் மடிப்புல வரிசையா ஊக்கு குத்திக்கிறா. எண்ணிப் பார்த்தேன், பன்னிரண்டு. செருப்பு வார் அறுந்தவ, சேலை கிழிஞ்சவ, பிளவுஸ் கொக்கி போனவ, எல்லாரும் அவகிட்டத்தான் வருவாங்களாம். "ஏட்டம்மா, ஒரு ஊக்கு இருக்குங்களா"ன்னு. ஊக்கு வாங்க வந்தவ நின்னு ரெண்டு வார்த்தை பேசுவா. "அந்த ரெண்டு வார்த்தையிலதானுங்க எனக்குப் பாதி கேஸ் கிடைக்குது"ங்கிறா. வீட்டை விட்டு ஓடி வந்த பொண்ணு, புருசன் அடிச்சவ, பர்ஸைப் பறிகொடுத்தவ, யாரும் நேரா வந்து கம்ப்ளைண்ட்னு சொல்ல மாட்டாங்களாம். ஊக்குதான் கேப்பாங்களாம்.

இருபத்தொரு வருஷம் குடித்தனம் பண்ணியும் இது எனக்குத் தெரியாது. கொஞ்சம் வெக்கமாத்தான் இருந்துச்சு.

ஜூன் 9, திங்கள்

இன்னிக்கு வேலை முடிஞ்சு கதவைத் தட்டினவளைப் பார்த்து நிஜமாலுமே ஒரு நிமிசம் யாரோன்னு நினைச்சுட்டேன். காக்கிக்கு மேல கறுப்பா ஒரு ஜாக்கெட். கை இல்லை. முன்னாடி பின்னாடி பூராவும் பை. கால்ல கறுப்பு பூட்ஸ். பேன்ட்டுக்குத் தொடையில ரெண்டு பாக்கெட்.

"என்ன அம்மிணி, பார்டருக்கு மாத்திட்டாங்களா?"ன்னேன்.

"சிரிச்சு முடிச்சுட்டுச் சொல்லுங்க, அப்புறமேட்டுக்குச் சொல்றேன்"னு அவ உள்ளே போயிட்டா. காப்பி போட்டு உட்கார்ந்த பொறவுதான் சொன்னா. அவங்க ஸ்டேஷனுக்கு நாலு செட் வந்திருக்கு. நாற்பத்தஞ்சு நாள் போட்டுப் பார்த்து எப்படி இருக்குன்னு எழுதிக் குடுக்கோணுமாம். நல்லா இருந்தா எல்லாருக்கும் வருமாம்.

"என்னத்துக்கு இந்த வேசம்?"னு கேட்டேன்.

"நான் வேலைக்குச் சேரும்போது லத்தி, விசில், ஒரு நோட்டு. அவ்வளவுதான். இப்ப வாக்கி டாக்கி, அதுக்கு இன்னொரு பேட்டரி, விலங்கு, டார்ச், ஃபைன் போடற மெஷின், நெஞ்சுல கேமரா, ரெண்டு போனு, தண்ணி பாட்டில். இத்தனையும் ஒரு பெல்ட்டுல தொங்கோணும்னா எப்படீங்க? இதுல பை பையா இருக்கு, பிரிச்சுப் போட்டுக்கலாம்."

"அதுக்குக் கறுப்பு எதுக்கு?"

"அதை அய்யாமாருங்களைத்தான் கேக்கோணும். சின்னப் புள்ளைங்களுக்குப் புடிச்சிருக்கு. எங்க கான்ஸ்டபிள் பிரியதர்சினி போட்ட உடனே பத்து செல்ஃபி எடுத்துட்டா. மிடுக்கா இருந்தாத்தான் ரவுடி பயப்படுவான்னு இன்ஸ்பெக்டர் அம்மா சொல்றாங்க."

எங்க பஸ் ஸ்டாண்ட்ல ரவுடின்னா வாழைப்பழ வண்டி ராக்கியண்ணன்தான். அவரு இவளைப் பார்த்தாலே தார்ல இருந்து ரெண்டு பழம் பிச்சுக் குடுப்பாரு. அவரைப் பயமுறுத்தி என்ன ஆகப் போகுது?

ஜூன் 10, செவ்வாய்

சாம்பார்ல உப்பு எச்சாப் போச்சு. ஒண்ணும் சொல்லாம சாப்பிட்டுட்டுப் போறா. அதுவே ஒரு தண்டனை.

ஜூன் 13, வெள்ளி

மக போன்ல ஒரு வீடியோ அனுப்பிச்சா. எவனோ ஒருத்தன் பஸ்ஸுக்குள்ள இருந்து பூங்கொடியைப் படம் எடுத்துப் போட்டிருக்கான். "டவுன் பஸ் ஏற வந்தா ராணுவம் நிக்குது"ன்னு கீழ எழுதியிருக்கான். அதுக்கு நாலாயிரம் பேர் சிரிச்சிருக்காங்க.

எம்பொண்டாட்டியை நான் கிண்டல் பண்ணலாம். இவனுங்க யாருங்க? ரொம்ப நேரம் பொருமிக்கிட்டே கிடந்தேன்.

ஜூன் 16, திங்கள்

டிரைவர் ஆறுச்சாமி பார்க்க வந்தான். பதினோரு வருஷமா நானும் அவனும் ஒரே வண்டி. ஆப்பிள் வாங்கியாந்துட்டு அவனே ரெண்டைத் தின்னான். தின்னுக்கிட்டே ஒரு சங்கதி சொன்னான். சனிக்கிழமை ஒரு அம்மா, ஒட்டன்சத்திரத்துக்காரி, கைப்பை திருட்டுப் போய் அவுட்போஸ்ட் வாசல்ல ஒரு மணி நேரம் நின்னுச்சாம். உள்ள போகல. ஏனுங்கன்னு ஆறுச்சாமி கேட்டதுக்கு, "யாரோ பெரிய ஆப்பீசருங்க துப்பாக்கிப் படையோட வந்திருக்காங்க, நாம எப்படிப் போறது"ன்னுச்சாம். உள்ள இருந்தது பூங்கொடியும் ஒரு மின்விசிறியும்.

சாயங்காலம் அவகிட்ட இதைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. ஜாக்கெட்டைக் கழட்டினா. உள்ள சட்டைப் பாக்கெட்டுல ஊக்கு பன்னிரண்டும் அப்படியே இருந்துச்சு. ஜாக்கெட் மறைச்சிருச்சு. பேர் வில்லையையும் மறைச்சிருச்சு.

"ஒரு வாரமா ஒரு ஊக்குக் கூடப் போகலைங்க"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. மூஞ்சி சுண்டிப் போச்சு.

இந்த மூஞ்சியை என்னால பார்க்க முடியாது.

ஜூன் 18, புதன்

முடிவு பண்ணிட்டேன். மொட்டை மனு.

எனக்கு இது புதுசு இல்லை. டிப்போ கேன்டீன் சாம்பார்ல பருப்பு இல்லைன்னு பத்து வருஷத்துக்கு முன்னாடி நான் எழுதின மொட்டை மனு இன்னிக்கும் பேசப்படுது. எழுதினது யாருன்னு இன்னிக்கும் யாருக்கும் தெரியாது. இதுலயும் பேர் போட முடியாதே. போட்டா, "ஏட்டம்மா புருசனைத் தூண்டி விட்டுட்டாங்க"ம்பாங்க.

காலைல அவ கிளம்பின கையோட உட்கார்ந்தேன். 'உயர்திரு எஸ்.பி. அய்யா அவர்களுக்கு, பொதுமக்கள் எழுதிக்கொண்டது. எங்கள் பேருந்து நிலையத்தில் பணிபுரியும் காவலர்கள் போருக்குப் புறப்பட்டவர்கள் போல் உடை தரித்து நிற்பதால் தாய்மார்களும் குழந்தைகளும் அருகில் செல்ல அஞ்சுகிறார்கள். பழைய உடையையே வழங்கி எங்கள் காவலர்களை எங்களுக்கே திருப்பித் தர வேண்டுகிறோம்.' கடைசி வரியை ரெண்டு தடவை சத்தமாப் படிச்சுப் பார்த்தேன். எழுத்தையும் சாய்ச்சுச் சாய்ச்சு மாத்தி எழுதினேன். மடிச்சுக் கவர்ல போட்டு ஒட்டிட்டேன்.

ஆறுச்சாமிகிட்டக் குடுத்துப் பழனியில போடச் சொல்லியிருக்கேன். முத்திரை பழனின்னு இருக்கும். எங்க ஊர்ல எவனையும் சந்தேகப்பட முடியாது. விலாசத்தைப் பார்க்காம பாக்கெட்டுல சொருகிக்கிட்டே என்னடா லெட்டருன்னு கேட்டான். மாரியாத்தாளுக்கு வேண்டுதல்னேன். பழனியில முருகன்தானடான்னான்.

ஜூன் 24, செவ்வாய்

விசேசம் ஒண்ணும் இல்லை. முருங்கைக்கீரை உருவினோம், ரெண்டு பேரும். நான் கட்டில்ல, அவ தரையில. அவ தரையில சம்மணம் போட்டு உட்கார்ந்து ரொம்ப நாள் ஆச்சு போல இருக்கு. உருவிக்கிட்டே ஏதோ பாட்டு முணுமுணுத்தா. ஊக்கு போகலைங்கற துக்கம் ஆறிருச்சு போல. பொம்பளைங்க மனசு யாருக்குத் தெரியும்?

ஜூன் 27, வெள்ளி

வேலை செஞ்சிருச்சு. என் மனு வேலை செஞ்சிருச்சு.

பூங்கொடி பழைய பெல்ட்டோட வந்தா. பொதுமக்கள்கிட்ட இருந்து புகார் வந்திருக்காம், விசாரணை முடியற வரைக்கும் நாலு செட்டையும் திருப்பி வைக்கச் சொல்லி எஸ்.பி. ஆபீஸ்ல இருந்து உத்தரவாம். நான் மூஞ்சியை ரொம்ப சாதாரணமா வெச்சுக்கிட்டு, "அப்படியா, நல்லதாப் போச்சு"ன்னேன். சந்தோசப்படுவான்னு பார்த்தேன். அவ சுவரைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா நாற்காலியில உட்கார்ந்தா. உட்கார்ந்து என்னையே பார்த்தா.

அப்புறம் மேசை மேல கிடந்த கரண்ட் பில்லை எடுத்தா. "இதை யாரு மடிச்சது?"

"நான்தான்."

"எல்லாக் காகிதத்தையும் இப்படித்தான் நீளவாக்குல மடிப்பீங்களா?"

"ரூபா நோட்டை விரலுக்கு நடுவுல சொருகி சொருகி வந்த பழக்கம். கண்டக்டர் கை. ஏன்?"

"ஒண்ணும் இல்லைங்க"ன்னு பில்லை எடுத்த எடத்துலயே வெச்சுட்டா. களைப்பு போல. அந்த பெல்ட்டைக் கழட்டவே அவளுக்கு அவ்வளவு நேரம் ஆச்சு.

ஜூன் 30, திங்கள்

ஊக்கு எத்தனை போச்சுன்னு கேட்டேன். ஏழுன்னா. பார்த்தியான்னேன். "ம்"னா.

ஜூலை 3, வியாழன்

இதை எழுதறதுக்கே கை வரமாட்டேங்குது.

காலைல ஆறரை மணி. பூங்கொடி ஷூ போட உட்கார்ந்தா. குனிஞ்சா. பாதியில நின்னுட்டா. மேலயும் வர முடியல, கீழயும் போக முடியல. சத்தம் போடல. பல்லைக் கடிச்சுக்கிட்டு அப்படியே இருந்தா. நான் கட்டையை ஊனிப் போய் முக்காலியை இழுத்துப் போட்டு, மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கிட்டு அவ எதிர்ல உட்கார்ந்தேன். அவ காலைத் தூக்கி என் மடியில வெச்சு லேஸ் கட்டினேன்.

"எத்தனை நாளா?"

"வழுக்கிருச்சு, நேத்து…"

"அம்மிணி, எத்தனை நாளா?"

சட்டையைக் கொஞ்சம் தூக்கச் சொல்லிப் பார்த்தேன். இடுப்பைச் சுத்தி பெல்ட் உட்கார்ற எடத்துல கன்னிப்போய்க் கிடக்கு. ரெண்டு பக்கமும். பழசு மேல புதுசு.

அவ போன பொறவு, அவ சொன்ன எடத்துல, பட்டுச் சேலைக்கு அடியில தேடி எக்ஸ்ரே கவரை எடுத்தேன். பிப்ரவரி தேதி போட்டிருக்கு. கீழ் முதுகெலும்புல தேய்மானம். இடுப்புல கனம் தொங்கக் கூடாதுன்னு டாக்டர் பச்சை மையில எழுதி ரெண்டு கோடு போட்டிருக்கார்.

பிப்ரவரியில இருந்து அஞ்சு மாசம். கறுப்பு ஜாக்கெட் போட்ட அந்தப் பதினெட்டு நாள்தான் அவ தரையில உட்கார்ந்தா.

ஜூலை 4, வெள்ளி

நேத்து சாயங்காலம் வந்ததும் பெல்ட்டை வாங்கிப் பழைய பேப்பர் எடைபோடற கொக்கித் தராசுல மாட்டினேன். நாலே முக்கால் கிலோ. இடுப்பெலும்பு மேல, பத்து மணி நேரம், வருஷக்கணக்கா.

ஏன் சொல்லலைன்னு கேட்டேன். "சொன்னா என்ன சொல்லியிருப்பீங்க?"ன்னு திருப்பிக் கேட்டா. ரெக்கார்டு ரூம்ல ஒரு நாற்காலி கேட்டு வாங்கிக்கோன்னு சொல்லியிருப்பேன். ஆமாம், சொல்லியிருப்பேன். அதான் சொல்லலையாம். முதுகு சரியில்லைன்னு ஆபீஸ்ல தெரிஞ்சா அவுட்போஸ்ட்ல இருந்து எடுத்து ஃபைல் கட்ட உட்கார வெச்சிருவாங்களாம். "பஸ் ஸ்டாண்டை விட்டா நான் செத்துருவேனுங்க"ன்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா.

"அந்த ஜாக்கெட்டுல கனம் தோளுக்கும் முதுகுக்கும் பிரிஞ்சு போச்சுங்க. முத நாளே தெரிஞ்சுது. சனங்க கிட்ட வராதது கஷ்டம்தான். ஆனா அதுக்கு எதாச்சும் வழி பண்ணிக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள எந்தப் புண்ணியவானோ எழுதிப்போட்டுட்டான்."

புண்ணியவான் நான் வெந்நீர்ப் பையை எடுத்து அவ இடுப்புக்குக் குடுத்தேன்.

ஜூலை 7, திங்கள்

இதைவிடக் கெரகம் வேற இருக்குமா? அந்த மனுவை விசாரிக்கறதே பூங்கொடிதான். பஸ் ஸ்டாண்ட் சமாச்சாரம், நீங்களே விசாரிச்சு ரிப்போர்ட் குடுங்கன்னு இன்ஸ்பெக்டர் அம்மா உத்தரவு வந்த அன்னிக்கே அவ கையில குடுத்துட்டாங்களாம். பதினெட்டாம் தேதி கெடுவாம். இன்னிக்குத்தான் சொல்றா, அதுவும் தயிர் ஊத்தும்போது.

"எழுதினவன் எப்படிப்பட்ட ஆளு, கண்டுபிடிச்சிர முடியுமா?"ன்னு கேட்டேன்.

"நல்ல மனசு உள்ளவன்தானுங்க. கெட்டிக்காரனும்கூட. வெளியூர்ல போட்டிருக்கான், எழுத்தை மாத்தியிருக்கான். ஒரே ஒரு தப்புப் பண்ணியிருக்கான்."

"என்ன தப்பு?"

"விசாரணையில இருக்கறதை வெளிய சொல்லக் கூடாதுங்க. இன்னும் கொஞ்சம் தயிர் ஊத்தட்டுமா?"

சாப்பிட்டதில இருந்து அதையே ரோசனை பண்றேன். எங்க தப்புப் பண்ணினேன்? ஆறுச்சாமி உளறியிருப்பானோ? அவனுக்கு அது வேண்டுதல் லெட்டர்தானே.

ஜூலை 9, புதன்

சொல்லிரலாம்னு ரெண்டு தடவை வாயைத் திறந்தேன். ரெண்டு தடவையும் "பீர்க்கங்காய் பிஞ்சா இருக்கு"ன்னு சொல்லிட்டேன். காலைல லேஸ் கட்டற வேலை என்னுதுன்னு ஆகிப்போச்சு.

ஜூலை 14, திங்கள்

மாவுக்கட்டு எடுத்தாச்சு. கால் வெளுத்து, மெலிஞ்சு, வேற யாருதோ மாதிரி கிடக்கு.

ஒரு தீர்மானத்துக்கு வந்துட்டேன். கெட்டது காகிதத்துல, சரி பண்றதும் காகிதத்துலதான். இந்தத் தடவை பேர் போட்டே எழுதினேன். ஆனா எப்படி எழுதறது? அவ முதுகைப் பத்தி எழுதினா ஜாக்கெட் வரும், அவுட்போஸ்ட் போயிரும். எழுதலைன்னா ஜாக்கெட் எதுக்குன்னே புரியாது. மத்தியானம் பூரா பேனாவைக் கடிச்சேன். சட்டையைக் கழட்டிட்டுக் குளிக்கப் போனப்பக் கண்ணாடியில பார்த்தேன். என் வலது தோள், இடது தோளை விட ரெண்டு விரக்கடை கீழ இருக்கு. இருபத்திரெண்டு வருஷமா பை தொங்கின தோள். சில்லறையும் மெஷினுமா மூணு கிலோ. இது போதுமே. இதை எழுதறதுக்கு யாருகிட்ட அனுமதி வாங்கோணும்?

எழுதினேன். 'நான் ஒரு நடத்துநர். ஒரே பக்கம் கனம் தொங்கினால் உடம்பு என்ன ஆகும் என்பதற்கு என் தோளே சாட்சி, நேரில் வந்து காட்டத் தயார். காவலர் பெல்ட்டை எடை போட்டேன், நாலே முக்கால் கிலோ. ஜாக்கெட் தேவைதான். அதற்கு மேல் பேரும் முகமும் தெரிந்தால் போதும், மக்கள் பயப்பட மாட்டார்கள். முன்பு பேரில்லாமல் எழுதியவனும் நானே.' கையெழுத்துப் போட்டு மடிச்சேன்.

கையில இருந்த காகிதத்தைப் பார்த்தேன். நீளவாக்குல நாலு மடிப்பு. ரூபா நோட்டு மடிக்கிற மாதிரி.

அட கெரகமே. மொட்டை மனுவையும் இப்படித்தானே மடிச்சேன். கரண்ட் பில்லு.

பதினேழு நாளா அவளுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே என் கையில லேஸ் கட்டிக்கிட்டு, தயிர் ஊத்தி, கூட ஒரு முருங்கைக்காய்த் துண்டும் எடுத்து வெச்சிருக்கா.

ஜூலை 16, புதன்

ஆறுச்சாமி கைத்தாங்கலாக் கூட்டிப் போனான். அவுட்போஸ்ட்ல பூங்கொடி மேசைக்கு அந்தப் பக்கம். பக்கத்துல இன்ஸ்பெக்டர் அம்மா டீயும் வறுக்கி பிஸ்கட்டுமா. நான் வர்றது இவங்களுக்கு முன்னாடியே தெரியும் போல இருக்கு. எனக்குன்னு ஒரு நாற்காலி போட்டிருந்துச்சு, கால் நீட்ட ஒரு ஸ்டூலும்.

"பேரு?"ன்னா பூங்கொடி.

"தெரியாதா?"

"விசாரணையில தெரிஞ்சதுன்னு எதுவும் இல்லைங்க. பேரு?"

"செல்லமுத்து."

"தகப்பனார்?"

"உங்க மாமனார்."

இன்ஸ்பெக்டர் அம்மாவுக்குப் புரை ஏறிருச்சு. பூங்கொடி சிரிக்கல. எங்கப்பன் பேரை எழுதிக்கிட்டு, "பெயரில்லா மனு எழுதியது நீங்களா?"ன்னா.

"நான்தான்."

"காரணம்?"

வர்ற வழி பூரா மக்கள், தாய்மார், குழந்தைன்னு பேச்சுத் தயார் பண்ணி வெச்சிருந்தேன். ஒண்ணும் வரல. "எம்பொண்டாட்டிகிட்ட ஒரு வாரமா யாரும் ஊக்குக் கேக்கலை. அவ மூஞ்சி சுண்டிப் போச்சு. என்னால பார்க்க முடியலை. மத்தபடி எனக்கு எந்தக் கொள்கையும் இல்லை"ன்னேன்.

பேனா நின்னுச்சு. அவ காது மடல் சிவந்திருச்சு, கல்யாணத்தன்னிக்குச் சிவந்த மாதிரியே.

"இதையும் எழுதோணுமா மேடம்?"னு இன்ஸ்பெக்டர் அம்மாவைக் கேட்டா.

"வாக்குமூலத்துல ஒரு வார்த்தை விடக் கூடாது ஏட்டம்மா"ன்னாங்க அவங்க.

எழுதினா. நான் படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். புது மனுவையும் குடுத்தேன். அவ வாங்கி, மடிப்பைப் பார்த்து, முதல் தடவையாச் சிரிச்சா.

ஆட்டோவுல ஏத்தி விட வந்தப்பக் கேட்டேன். "நான் வரலைன்னா ரிப்போர்ட்டுல என்ன எழுதியிருப்பே?"

"எழுதியவர் யாரெனத் தெரியவில்லைன்னு எழுதியிருப்பேன். என் சர்வீஸ்ல முத பொய். அதைச் சொல்ல வேண்டாம்னுதான், நீங்களா வருவீங்கன்னு பதினெட்டாம் தேதி வரைக்கும் பொறுக்கலாம்னு இருந்தேன்"னா.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒண்ணு. எங்க ஊரு வழக்கப்படி தேங்காய் சுட்டோம். ஓடு வெடிச்சு என் சட்டையில ஓட்டை. ஊக்கு குத்தி விட்டா.

ஜூலை 28, திங்கள்

உத்தரவு வந்திருச்சு. நாலு செட்டும் திரும்ப ஸ்டேஷனுக்கு. விட்ட நாளைச் சேர்த்துப் போட்டுப் பார்க்கோணுமாம். ஒரு வரி கூடுதலா இருக்கு: பேர் வில்லை ஜாக்கெட்டுக்கு வெளியே, தமிழ்ல, பத்தடி தூரத்துல இருந்து படிக்கிற மாதிரி. என் பேரு அதுல எங்கயும் இல்லை. டிப்போவுக்கு மட்டும் ஒரு நகல் போயி, மேனேஜர் கூப்பிட்டு ஒரு மணி நேரம் வாங்கு வாங்குன்னு வாங்கினார். நியாயம்தான். போகும்போது, "கேன்டீன் சாம்பாரும் நீதானாய்யா?"ன்னு கேட்டார். நான் காது கேக்காத மாதிரி வந்துட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடி நோம்பி. மக வந்திருக்கா. அவதான் மஞ்சள் நூல்ல 'பூங்கொடி'ன்னு பட்டையில தைச்சுக் குடுத்தா. நான் அந்தப் பட்டைக்குக் கீழ, ஜாக்கெட்டோட நெஞ்சுக்கு நேரா, ஊக்கு பன்னிரண்டையும் வரிசையாக் குத்தினேன். கறுப்புல வெள்ளை வெளேர்னு தெரியுது.

"இன்ஸ்பெக்சன்ல கேட்டா என்னங்க சொல்றது?"

"பொதுமக்கள் சொத்துன்னு சொல்லு."

சாயங்காலம் ரெண்டு பேரும் பிசியோதெரபி. எனக்குக் கால், அவளுக்கு இடுப்பு. ஆபீஸுக்குத் தெரியாம என் துணைக்கு வர்ற மாதிரி வர்றா. பக்கத்துப் பக்கத்துக் கட்டில். "அய்யா, நீங்க எண்ணுங்க, அம்மா செய்யட்டும்"னு அந்தப் பையன் சொல்றான். எண்ணறது எனக்குப் பழக்கம்தானே.

ஆகஸ்ட் 18, திங்கள்

எஸ்.பி. வந்து பார்த்தாராம். ஊக்கு வரிசையையும் பார்த்தாராம். ஒண்ணும் சொல்லலையாம். ஒண்ணும் சொல்லலைன்னா எங்க டிப்பார்ட்மெண்ட்ல சரின்னு அர்த்தம்ங்கிறா. இன்னிக்கு ஒன்பது ஊக்கு போயிருக்கு. அதுல ஒருத்தி ஊக்கை வாங்கிட்டுப் போகாம நின்னாளாம். அவளை உட்கார வெச்சு டீ வாங்கிக் குடுத்து, ரெண்டு மணி நேரம் பேசி, அவங்கம்மாவை வரவழைச்சு அனுப்பி வெச்சிருக்கா. என்ன விசயம்னு எனக்குச் சொல்ல மாட்டாளாம்.

லேஸ் இப்ப அவளே கட்டிக்கிறா. எனக்குத்தான் ஒரு மாதிரியா இருக்கு.

செப்டம்பர் 1, திங்கள்

டூட்டியில சேர்ந்தாச்சு. பழைய பழனி வண்டி, பழைய ஆறுச்சாமி. பையை மட்டும் குறுக்கால போட்டிருக்கேன், இடது தோள்ல. காலைல வாசல்ல நிறுத்தி அவதான் மாத்திப் போட்டு விட்டா. "மனுவுல எழுதினா மட்டும் போதுங்களா?"ன்னா.

ஒன்பது இருபதுக்குப் பஸ் ஸ்டாண்ட். அவுட்போஸ்ட் முன்னாடி நிக்கிறா. அதே கறுப்பு ஜாக்கெட் (நாள் முடிஞ்சும் போடச் சொல்லிட்டாங்க), மஞ்சள்ல பேரு. ஒரு கல்லூரிப் பொண்ணு அவ நெஞ்சுல இருந்து தானே ஒரு ஊக்கைக் கழட்டிக்கிட்டு ஓடுது, கேக்கக்கூட இல்லை. நான் கீழ இறங்கிப் போயி, "ஏட்டம்மா, ஒரு ஊக்கு இருக்குங்களா?"ன்னேன்.

"எங்க கிழிஞ்சிருக்கு?"

"இன்னும் கிழியலை. கிழிஞ்சா வேணும்."

"பொது எடத்துல போலீஸ்கிட்ட வம்பு பண்ணினா என்ன செக்சன் தெரியுங்களா?"ன்னு சொல்லிக்கிட்டே, எங்க வண்டிக்குப் பின்னாடி முட்டிக்கிட்டு நின்ன மினி பஸ்ஸை ஒதுங்கச் சொல்லி விசிலை எடுத்து ஊதினா. நீளமா ஒரு ஊது.

ஆறுச்சாமி பதினோரு வருஷமா விசில் கேட்டா வண்டி எடுக்கிறவன். யாரு ஊதினதுன்னு பார்க்கிற பழக்கம் அவனுக்கு இல்லை. வண்டியை எடுத்துட்டான். ஐம்பத்திரெண்டு பேர் ஏத்தின பழனி வண்டி என் கண்ணு முன்னாடியே கேட்டைத் தாண்டிப் போகுது. நான் பையும் மெஷினுமா பிளாட்பாரத்துல. மூணு மாசம் கழிச்சு வந்த முத நாளே வண்டியை விட்ட கண்டக்டர் தமிழ்நாட்டுல நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். ராக்கியண்ணன் பழத்தைக் கீழ போட்டுட்டுச் சிரிக்கிறாரு.

திரும்பிப் பார்த்தேன். பூங்கொடி சிரிக்கிறா. முட்டி மேல ரெண்டு கையையும் ஊனி, நல்லாக் குனிஞ்சு, மூச்சு வாங்கச் சிரிக்கிறா. நிமிர்ந்து என்னைப் பார்த்துட்டு மறுபடியும் குனிஞ்சு சிரிக்கிறா.

ஒரு தடவைகூட இடுப்பைப் பிடிக்கலை. வண்டி போனாப் போகட்டும்னு அங்கயே நின்னு பார்த்துக்கிட்டு இருந்தேன்.